உவமையாகிய மழையும் பொருளாகிய மழையும்

தமிழ்ப் புலவர் பல்காலும் எடுத்துப் பாடிய இயற்கைப் பொருள்களுள் மழை தலையாயது. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் அதனாலேயே உயிர்க்கின்றன. பாலை அஃதின்மையாலேயே பாலையாகின்றது. ஆதலின் மழை பாடாத புலவர் இலர் எனலாம். ஆயினும், மழை பெய்ததென்று பாடுதல் வேறு. மழையைப் பிறிதொன்றனோடு ஒப்பித்துப் பாடுதல் வேறு. ஒருகாலத்துப் புலவர் வள்ளலுக்கு மழையை உவமை கூறினர். பிறிதொரு காலத்துப் புலவர் மழைக்கு வேந்தனையும், வள்ளலையும், இறைவனது அருளையும் உவமை கூறினர். உவமையாய் நின்ற பொருள் உவமிக்கப்படும் பொருளாய் மாறிய இம்மாற்றம் செய்யுளணி பற்றியதொன்று மாத்திரமோ, அன்றி உலகத்தில் உயர்ந்தது யாது என்னும் கருத்தே மாறியதன் அடையாளமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாவது தொல்காப்பியத்து உவமவியல். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் நிலைக்களனாக உவமை தோன்றும் என்பது ஆசிரியர் கருத்து. வீரன் பாய்ச்சலுக்குப் புலியின் பாய்ச்சலைக் கூறுவது வினை பற்றியது. இடைக்குத் துடியைக் கூறுவது வடிவாகிய மெய் பற்றியது. வாய்க்குப் பவளத்தைக் கூறுவது நிறமாகிய உருப் பற்றியது. கொடையாளன் கைக்கு மழையைக் கூறுவது பயன் பற்றியது. இந்நான்கனுள் பயனுவமைக்கு உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டே மழையாதல் கருதற்பாலது. பயன்படுதல் என்னும் பண்பிற்கு மழையினும் சிறந்த சான்று அவர்க்குத் தோன்றிற்றில்லை.

ஆசிரியர் கூறிய விதி மற்றொன்றும் உண்டு. உவமையாக எடுக்கப்படுவது பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பதே அது. உயர்ச்சியாவது பருமையால் உயர்தலன்று. எடுத்துக்கொண்ட பண்பினால் உயர்தல். வள்ளல் கொடுக்கின்றான், மழையும் கொடுக்கின்றது. மழையின் கொடை பெரிதாகலின் மழை உவமையாயிற்று. எனவே ஒரு காலத்துப் புலவர் எதனை எதற்கு உவமை கூறினர் என்று நோக்கின், அக்காலத்தார் எதனை எதனினும் உயர்ந்ததாகக் கொண்டனர் என்பது தானே விளங்கும். இவ்வகையில் உவமை, செய்யுட்கு அணியாதலோடு வரலாற்றுக்குச் சான்றுமாகின்றது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1918இல் பரிபாடலும் உ. வே. சாமிநாதையரவர்களால் அச்சிடப்பெற்று வெளிவந்தமையின், இந்நூல்களைத் திருமுறைகளோடு எதிரெதிர் வைத்து நோக்குதல் கற்பார் யாவர்க்கும் இயல்வதாயிற்று.

முதற்கண் கருதத்தக்கது, மழையைக் காட்டுதற்குப் பிறிதொரு பொருள் பெரிதும் வேண்டப்படாத நிலை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளையுடையது. அதன் முற்பகுதி முழுதும் கூதிர்க்காலத்துக் குளிர்மழையின் ஓவியமாகும். அம்மழை எத்தகையது என்று கூறப் புகுந்த புலவர் உவமைகளை அடுக்கினாரல்லர். அது செய்த செயல்களையே அடுக்கினார். வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஆனிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்று, பலர் கூடித் தீக்காய்ந்தும் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்திகள் குன்றிப்போகின்றன. பறவைகள் கீழே விழுகின்றன. கறவைகள் பாலுண்ண வரும் கன்றினை உதைத்துத் தள்ளுகின்றன. மனையில் வாழும் புறாக்கள் இரவும் பகலும் அறியாது மயங்குகின்றன. ஞாயிறு தோன்றாமையின் மகளிர் பித்திகத்தின் அரும்பு மலரும் மணத்தால் மாலைப்பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர். வேனிற்கு உதவிய விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் பின்னத் தொங்குகின்றன. குளிர்ந்த நீரை உண்பாரில்லை. தடவிலுள்ள நெருப்பையே யாவரும் நாடுகின்றனர். குன்றும் குளிர்ந்து நடுங்கியதோ என்னும்படி அமைந்த நள்ளிரவு என்று ஒருமுறை கூறியதே அப்பகுதியில் ஒப்புமைபோல் நிற்பது. அங்கும் மழை பிறிதொன்றனோடு ஒப்பிக்கப்பட்டதன்று, அதன் தண்மையின் மிகுதியே உணர்த்தப்பட்டது.

இம்முறையின் சிறப்பை ஓர்ந்துணர்தல் வேண்டும். காரணத்தை ஒருசொல்லாற் கூறிக் காரியங்களைப் பலவாக விரித்தமையின், கற்பான் மழையைக் காணுமுன் அதன் குளிரை உணர்கின்றான். இவ்வோவியம் வாளா அமைந்ததுமன்று. பாசறையில் இருக்கும் தலைவனையும், அரண்மனையில் அவனைப் பிரிந்து வாடும் தலைவியையும் பின்னர்க் காட்டுதற்கு இவ்வாடையே நிலைக்களனாகின்றது. காலமும் நிலமும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததன் பயன் இங்கே வெளிப்படும். மழை, பிரிவுத்துயருக்கு உவமையாகவில்லை. அத்துயர் விளைதற்குரிய பொழுதாகவே நின்றது.

திருவள்ளுவரும் இந்நெறியினரே. கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்த அவர், பத்துக் குறள்களிலும் மழையை அமிழ்தமென்றும் உழவர்தம் வருவாயென்றும் பயன்பற்றிப் பெயரிட்டுரைத்தாரன்றி, இன்னது போலும் என்று பிறிதொன்றனோடு ஒப்பித்தாரல்லர். மழையின்றேல் பசும்புல்லும் இல்லை, கடலும் தன்னியல்பிற் குறையும், வானோர்க்குச் செய்யும் விழவும் பூசனையும் நிகழா, தானமும் தவமும் நில்லா என்று அஃதின்மையால் வருங் கேட்டினையே அடுக்கிக் காட்டினார். தனக்குமேல் ஒன்றில்லாத பொருளுக்கு உவமை கூறுதல் அரிது. பிறவற்றிற்கெல்லாம் அதுவே உவமையாகும். ஒப்புரவறிதலில் கைம்மாறு கருதாத உதவிக்கு மழையையே அவர் எடுத்துக் காட்டியதும் இதுபற்றியே.

இனி, மழை உவமையாய் நின்ற இடங்களை நோக்குவோர்க்குப் புறநானூறு பெருங்களஞ்சியமாகும். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல். அவனைப் பாடிய பரணர், 142ஆம் பாட்டில், வற்றிய குளத்திலும் பெய்து, அகன்ற வயலிலும் பெய்து, பயன்படாத உவர்நிலத்திலும் பெய்யும் மழையை அவன் கொடைக்கு உவமையாக்கினார். இன்னார்க்கு ஈதல் தகும், இன்னார்க்குத் தகாது என்று வரையறுத்தறியாத அவ்வியல்பினைக் கொடைமடம் என்றார். கொடையில் மடம்படுதலன்றிப் படையில் அவன் மடம்படான் என்று முடித்தார். இவ்வுவமை மழையின் பெருமையைக் கூறுமிடத்திலேயே அதன் குறை ஒன்றனையும் உடன் குறித்து நிற்றல் நுணுகி நோக்குவார்க்குப் புலனாகும். உவர்நிலத்திற் பெய்த நீர் வீணாவதே. மழைக்குக் கொடையுண்டு, கொடுக்குமிடம் அறியும் அறிவில்லை. பரணர் புகழாக உரைத்த இவ்வறியாமை பின்வந்தோர்க்குப் பெரியதொரு வினாவாயிற்று.

கபிலர் செய்தது வேறு. பாரி பாரி என்று புலவரெல்லாம் அவனொருவனையே புகழ்கின்றனர், உலகத்தைக் காத்தற்கு மழையும் ஒன்று உண்டன்றோ என்று 107ஆம் பாட்டில் வியப்பார்போற் கூறினார். இதன்கண் பாரி மழைபோல்வான் என்னும் சொல் இல்லை. பாரியை இகழ்வது போன்ற மொழியால், மழையும் பாரியும் ஒருநிகராக வைக்கப்பட்டனர். உவமை பொருளினும் உயர்ந்து நிற்க வேண்டும் என்னும் விதி இங்கே மெல்ல நெகிழ்ந்து, இரண்டும் ஒருதட்டில் நிற்பனவாயின.

புலவர் மழையை உவமித்தது கொடை ஒன்றற்கே அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுமிடத்தில், கடலினின்று நிலத்திற்கு ஏறும் பண்டங்களுக்கும் நிலத்தினின்று கடலுக்குச் செல்லும் பண்டங்களுக்கும், முகில் முகந்த நீர் மலையிற் பொழிதலையும் மலையிற் பொழிந்த நீர் மீளக் கடலிற் பரத்தலையும் உவமையாக்கினார். நீரின் சுழற்சி வணிகத்தின் சுழற்சிக்கு அளவாயிற்று. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில், முன்பின் அறியாத இருவர்தம் நெஞ்சம் கலந்தமைக்குச் செந்நிலத்திற் பெய்த மழைநீர் உவமையாயிற்று. அவ்வுவமையின் சிறப்பால் அதனைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் என்றே பெயர் பெற்றனர். கொடை, வணிகம், காதல் என்னும் மூன்றும் தம்முள் வேறாயினும், மூன்றையும் விளக்குதற்குப் புலவர் நோக்கியது வானத்தையே.

மழைக்கும் வேந்தனுக்கும் உள்ள தொடர்பு இவற்றினும் ஆழமானது. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனை நோக்கிப் பாடிய 35ஆம் புறப்பாட்டில், மழை பொய்ப்பினும், விளைவு குன்றினும், இயல்பல்லாதன மக்கள் செயலில் தோன்றினும், உலகம் அரசனையே பழிக்கும் என்று கூறி உழவர்க்கு வரிநீக்கம் வேண்டினார். மழை பொய்த்தல் வேந்தன் பிழையெனக் கருதப்பட்டமை இதனாற் பெறப்படும். திருவள்ளுவர் வேந்தன் அருளின்மைக்குத் துளியின்மையையும், குடிகள் கோல்நோக்கி வாழ்தலுக்கு உலகம் வான்நோக்கி வாழ்தலையும் ஒப்பாக்கினார். அங்கும் மழையே உவமை, வேந்தனே பொருள். ஆயினும், மழை பெய்தலும் பெய்யாமையும் அரசன் முறையைப் பற்றி நிற்பனவாயின், மழை அவனினும் உயர்ந்ததாதல் யாங்ஙனம்? காரியம் காரணத்தினும் உயர்தல் உண்டோ? இவ்வினா எழுந்தபொழுதே உவமை இடம்மாறும் காலம் வந்ததென்க.

அம்மாற்றத்தை வெளிப்படக் காட்டுவது சிலப்பதிகாரம். இளங்கோவடிகள் மங்கல வாழ்த்தில் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் முறையே போற்றினார். திங்கள் சோழனது குடைபோல் உலகளித்தலால் போற்றப்பட்டது. ஞாயிறு அவனது ஆணைச்சக்கரம்போல் மேருவை வலம்வருதலால் போற்றப்பட்டது. மழையோ, அவனது அளிபோல் மேலிருந்து சுரத்தலால் போற்றப்பட்டது. முன்னர் வேந்தனது அளி மழைபோன்றதென்றனர். இவர் மழை வேந்தனது அளிபோன்றதென்றார். சொற்கள் அவையே, நிற்குமிடம் மாறிற்று. பிற்காலத்து அணிநூலார் இதனை விபரீத உவமை என்று பெயரிட்டு அமைதி கூறுவர். ஆனால் அடிகள் நூலை முற்றக் கற்றோர் இதனை அணியென்று மாத்திரம் கொள்ளமாட்டார். பாண்டியன் முறைபிழைத்துக் கோவலனைக் கொல்வித்த பின்னர், அந்நாடு மழையின்றி வறங்கூர்ந்து வெப்புநோயால் வருந்தியதென்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு வேள்வி செய்து அமைதி தேடிய பின்னரே மழை பெய்ததென்றும் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. மழை அளிபோற் சுரக்கும் என்று தொடக்கத்திற் கூறியது உண்மையாயின், அளி தவறியவிடத்து மழையும் தவறல்வேண்டும். அவ்வாறே தவறிற்று. ஆகவே மங்கல வாழ்த்தின் உவமை இக்காப்பியத்தின் பொருளையே தன்னுள் அடக்கி நிற்கின்றது.

அற்றேல், மழைக்குத் தெய்வத்தை உவமை கூறுதல் பத்துப்பாட்டிலேயே உளதன்றோ எனின், உண்டு. நப்பூதனார் முல்லைப்பாட்டின் தொடக்கத்தில், கடலைப் பருகி வலமாக எழுந்து மலையைச் சூழ்ந்த முகிலுக்கு, கையில் நீர் வார்த்த அளவிலே ஓங்கி நிமிர்ந்த திருமாலை உவமையாக்கினார். முகில் கரியது, மாலும் கரியன். முகில் நீர் கொண்டு ஓங்கிற்று, மாலும் நீரேற்று ஓங்கினான். இஃது உருவும் வினையும் பற்றிய உவமை. மழையின் பயனுக்கு மாலின் அருள் இங்கே உவமையாகவில்லை. பயனைப் பற்றிய அளவில் மழை தன் உயர்ச்சியை அப்பாட்டில் இழந்திலது.

பயன் பற்றியும் மழையைத் தெய்வத்திற்குக் கீழ்ப்படுத்திய முதற்குரல் பரிபாடலிற் கேட்கப்படும். கடுவன் இளவெயினனார் திருமாலைப் பாடிய 4ஆம் பாடலில், அவனது வெம்மையும் விளக்கமும் ஞாயிற்றிலும், தண்மை திங்களிலும், சுரத்தலும் வண்மையும் மழையிலும் உள்ளன என்றார். மழைபோலச் சுரக்கின்றாய் என்று அவர் பாடவில்லை. மழையிற் காணப்படும் சுரத்தல் நின்னுடையதே என்றார். மழைக்குச் சொந்தமாக ஒரு வண்மை இல்லை. அதன்கண் விளங்குவது பிறிதொருவனது வண்மை என்பது இதன் கருத்து. அவ்வண்மை உடையவன் யார் என்பதில் சமயங்கள் வேறுபடும். ஆயினும், மழை கொடையாளி அன்று, கொடை வரும் வாயிலே என்னும் துணிபு இங்கே பிறந்துவிட்டது.

அத்துணிபு முற்றிய இடம் பாவைப் பாட்டுக்கள். மகளிர் மார்கழியில் விடியற்காலத்து நீராடி நோன்பியற்றுதல் மழை வேண்டிய வழக்கமென்பது பரிபாடலின் 11ஆம் பாடலால் விளங்கும். அங்கே கன்னியர் அம்பா ஆடல் என்னும் நீராட்டினை நிகழ்த்தி, உலகம் வெம்பாதிருக்க வேண்டும் என்று வேண்டுகின்றனர். அவ்வழக்கமே மணிவாசகப் பெருமான் அண்ணாமலையில் அருளிய திருவெம்பாவை 20 பாட்டிற்கும், ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாட்டிற்கும் நிலைக்களனாயிற்று. திருவெம்பாவையில் 16ஆம் பாட்டும் திருப்பாவையில் 4ஆம் பாட்டும் மழையையே நோக்கிக் கூறியன. இரண்டிலும் முகில் கடல்நீரை முகந்தெழுகின்றது. இரண்டிலும் அதன் நிறம், மின்னல், இடி, பொழிவு என்பன ஒவ்வொன்றாகத் தெய்வத்தோடு ஒப்பிக்கப்படுகின்றன.

ஆண்டாள் பாட்டில் முகிலின் கருமைக்கு ஊழிமுதல்வனது திருமேனியும், மின்னலுக்கு ஆழியும், இடிக்கு வலம்புரியும், இடையறாத தாரைக்குச் சார்ங்கம் என்னும் வில்லினின்று புறப்படும் அம்புமாரியும் உவமைகளாயின. கருமை உரு, ஏனைய மின்னுதலும் முழங்குதலும் விரைந்து பாய்தலுமாகிய வினை. போர்க்கருவிகள் உவமையாயினும் பொழிவு உலகம் வாழ்தற்பொருட்டே என்று பயனைத் தனிச்சொல்லால் அம்மையார் காத்துக்கொண்டமை பாராட்டற்பாலது. அம்பென்னும் சொல் அழிவை நினைப்பிக்கும் இடத்தில், வாழ்வென்னும் சொல் அதனை விலக்குகின்றது.

மணிவாசகர் பாட்டில் முகிலின் கருமை உமையம்மையின் திருமேனி, இஃது உரு. மின்னல் அவள் நுண்ணிடை, வானவில் அவள் புருவம், இவை மெய். இடி அவள் திருவடிச் சிலம்பின் ஒலி, இது வினை. இறுதியில் பொழிவு, அவள் அன்பர்க்கு முற்பட்டுச் சுரக்கும் இன்னருள், இது பயன். நால்வகை உவமையும் ஒருபாட்டினுள் ஒருங்கு நின்றமை ஒரு சிறப்பு. அதனினும் பெருஞ்சிறப்பு, அவை நின்ற வரிசை. கண்ணாற் காணும் நிறத்திலும் வடிவிலும் தொடங்கி, செவியாற் கேட்கும் ஒலியிற் சென்று, கருத்தாலன்றி உணரப்படாத அருளில் முடிகின்றது பாட்டு. தொல்காப்பிய உரையாளர் பயனுவமைக்கு எந்தப் பொருளை உவமையாகக் காட்டினரோ, அந்தப் பொருளே இங்கு உவமிக்கப்படும் பொருளாய்க் கீழிறங்கிற்று. அதற்குமேல் உயர்ந்து உவமையாய் நின்றது அருள்.

இம்மாற்றத்திற்குக் காரணம் சமயப்பற்று ஒன்றே எனக் கொள்ளின், பாட்டின் பொருள் முற்ற விளங்காது. பரணர் உரைத்த கொடைமடத்தை ஈண்டு நினைவுகூர்க. மழை வரையாது வழங்குதற்குக் காரணம் அதன் அறியாமை. குளமும் வயலும் உவரும் அதற்கு ஒன்றே. சித்தாந்த நூல்கள் உலகத்துப் பொருள்களைச் சித்தென்றும் சடமென்றும் பகுத்து, சடம் தானே தொழிற்படாது, செலுத்துவான் ஒருவனை வேண்டிநிற்கும் என்று துணிவன. முகிலும் சடமே. இறைவனது அருளோ அறிவே வடிவானது. அதுவும் யாவர்க்கும் வரையாது சுரப்பதே. ஆனால் அறியாமையாற் சுரப்பதன்று. ஒவ்வோருயிரின் பக்குவத்தையும் அறிந்து, உவர்நிலத்தையும் விளைநிலமாக்கும் வகையறிந்து சுரப்பது. மழை உவரிற் பெய்தால் நீர் உவராகும். அருள் உவரிற் பெய்தால் உவர் நீங்கும். கொடுத்தல் என்னும் பண்பில் மழையினும் அருள் உயர்ந்தது என்பது இதனால் தெளியப்படும். உயர்ந்ததே உவமையாதல் வேண்டும் என்னும் தொல்காப்பியர் விதியை மணிவாசகர் மாற்றினாரல்லர். உயர்ந்தது யாது என்பதையே மாற்றினார்.

முற்பட்டுச் சுரத்தல் என்னும் கருத்தும் நோக்கற்பாலது. மழை பலகால் வேண்டிய பின்னர் வரும். சிலகால் வேண்டியும் வாராது. பாவை மகளிர் மழையை வேண்டுகின்றனர். வேண்டுமிடத்தில், வேண்டுதற்கு முன்னரே சுரப்பதொன்றனை அதற்கு உவமையாகக் காட்டுகின்றனர். அம்மையின் அருள்போற் பொழிக என்பது, எம்மைக் காத்திருக்கச் செய்யாதே என்று மழைக்குக் கற்பித்ததுமாயிற்று. அன்றியும், அம்மையைக் கூறுமிடத்தில் இறைவன் அவளிற் பிரிவில்லாதவன் என்று பாட்டு விதந்தோதுகின்றது. அருளே சத்தியாகும் என்றும், அவ்வருளை விட்டுச் சிவம் தனித்து நில்லாது என்றும் அருணந்தி சிவாசாரியர் பின்னர்ச் சிவஞானசித்தியாரில் நிறுவிய பொருள், மகளிர் பாடும் மழைப்பாட்டிலேயே வித்தாகக் கிடத்தல் காண்க.

தேவாரத்திலும் இக்கருத்தின் சாயல்கள் உள. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புன்கூர்ப் பதிகத்தில், உலகம் மழையின்றி வயல்கள் வறண்டபொழுது நிலம் தருவோம் என்று வேண்டியவர்க்காக இறைவன் பன்னிரு வேலி கொண்டு, தானே வெண்முகிலாகிப் பெய்தருளியதையும், பெய்த மழை பெருவெள்ளமானபொழுது மீண்டும் பன்னிரு வேலி கொண்டு அதனைத் தவிர்த்தருளியதையும் பாடினார். இங்கே உவமையும் இல்லை, பொருளும் இல்லை; முகிலே இறைவன். மழை நின்றால் பூசனை நில்லாது என்பது வான்சிறப்பின் கருத்து. பூசனையால் மழை நிற்கும் என்பது இப்பதிகத்தின் கருத்து. இவை முரண்படுவனவல்ல, ஒரே வட்டத்தின் இருபாதிகள்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவையாற்றுப் பதிகத்திற் காட்டும் காட்சி யாவரும் அறிந்தது. கோயிலை வலம்வந்து மகளிர் நடமாட, முழவு அதிர்கின்றது. அதனை இடியென்று மயங்கிய மந்திகள் அஞ்சி மரத்திலேறி முகிலைத் தேடுகின்றன. மயக்க அணியென்று இதனை எளிதிற் கூறிவிடலாம். ஆனால் மந்தி தேடியது வானத்தை. ஒலி எழுந்தது திருக்கோயிலில். மழையின் முழக்கம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவிற்கு இக்காட்சியே விடைபோல் அமைந்துள்ளது. இப்பதிகம் மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்ததும், அப்பண்ணிலுள்ள பதிகங்களை மழை வேண்டி ஓதும் வழக்கம் தமிழ்நாட்டில் நிலவுவதும் நோக்கி இன்புறத்தக்கன.

காப்பியப் புலவர்பால் இவ்விரு நெறிகளும் ஒன்றாய்க் கலந்தன. அநபாயன் எனப்பெற்ற இரண்டாங் குலோத்துங்கன் காலத்து (1133–1150) வாழ்ந்த சேக்கிழார் பெருமான், திருநாட்டுச் சிறப்பில் மழைநீர் பெருகிய காவிரிக்கு உமையம்மையின் உள்நெகிழ்ந்த கருணையொழுக்கை உவமை கூறினார். மலையிற் பிறந்தமையும், அறங்களை வளர்த்தலும் இருவர்க்கும் ஒத்தன. முகிலிற் கண்ட அருளை அவர் ஆற்றிலும் கண்டார்.

கம்பர் ஆற்றுப்படலத்தைத் தொடங்குமிடத்தில், நீறணிந்த இறைவன் நிறத்தோடு வெண்மையாய்ச் சென்ற முகில், கடலைப் பருகித் திருமால் நிறத்தோடு கருமையாய் மீண்டதென்றார். ஒரே முகில் போகும்போது ஒரு நிறமும் மீளும்போது ஒரு நிறமும் பெற்றதேயன்றி, முகில் இரண்டல்ல. அடுத்து, மலையிற் பொழிந்த முகிலுக்கு, உள்ளன எல்லாவற்றையும் உவந்து ஈயும் வள்ளல்களை உவமையாக்கினார். பரணர்க்கு மழை உவமை, வள்ளல் பொருள். கம்பர்க்கு வள்ளல் உவமை, மழை பொருள். ஆயினும் கம்பர் வள்ளலை மழையினும் உயர்த்தியது வெறும் மாறுபாட்டிற்காகவன்று. முகில் உவந்து கொடுப்பதில்லை. உவத்தல் அறிவுடைப் பொருளின் செயல். வள்ளலது கொடையில் உவப்பு உண்டாகலின் அஃது உயர்ந்தது. பரணர் கொடைமடம் என்று விட்டுச்சென்ற குறையைக் கம்பர் உவகை என்னும் ஒருசொல்லால் நிரப்பினார்.

அம்மழையாற் பெருகிய சரயுவின் வெள்ளத்திற்கு அவர் கூறிய உவமைகளுள் இரண்டு தத்துவப் பொருள்மேற் சென்றன. மலையிற் பிறக்கும்போது ஒன்றாயிருந்து, துறைதோறும் பலவாய்ப் பரந்த நீருக்கு, மறைகளாலும் சொல்லற்கரியதாய்ப் பல சமயங்களும் பலவாறு உரைக்கும் ஒருபொருளை உவமை கூறினார். சோலையும் பொய்கையும் வயலும் எங்கும் பாய்ந்த நீருக்கு, உடம்புதோறும் உலாவும் உயிரை உவமை கூறினார். கட்புலனாகாத பரம்பொருளும் உயிரும் கட்புலனாகும் நீரை விளக்க வந்தன. தெரியாததைத் தெரிந்தது கொண்டு விளக்குதலே உவமையின் இயல்பென்பார்க்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அப்புலவர்க்கும் அவர்தம் அவையோர்க்கும் பரம்பொருள் நீரினும் தெளிந்த பொருளாயிருந்தது என்பதே இவ்வுவமை உணர்த்தும் வரலாறு.

இதுகாறும் கூறியவாற்றால், மழையென்னும் ஒருபொருள் தமிழ்ச் செய்யுளில் நான்கு நிலைகளிற் பயின்றமை பெறப்படும். உவமை வேண்டாது தன் செயலாலேயே விளங்கிய நிலை ஒன்று. வள்ளற்கும் வேந்தற்கும் உவமையாய் உயர்ந்து நின்ற நிலை ஒன்று. வேந்தனது அளியைப் பற்றித் தான் நின்ற நிலை ஒன்று. அருளின் சாயலாய் அதனைப் பற்றி நின்ற நிலை ஒன்று. நூல்களின் காலத்தைப் பற்றி அறிஞர்க்குள் கருத்துவேறுபாடு உண்டாயினும், ஒருநிலை மற்றொருநிலையை முற்றும் ஒழித்துவிடவில்லை என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தும் வள்ளலை மழையென்று பாடினோர் பலர்.

மழை உவமையினின்று பொருளாயினமையால் இழிந்ததோ எனின், இழியவில்லை. தன்னினும் உயர்ந்த ஒன்றனோடு ஒப்பிக்கப்படுதற்குத் தக்கதாய் நிற்பதும் ஓர் உயர்வே. நெடுநல்வாடையிற் கோவலரை நடுக்கிய மழையும், பேகன் கைபோல் உவரிலும் பெய்த மழையும், பாவை மகளிர் அருள்போற் பொழிக என்று அழைத்த மழையும் ஒரே மழையே. காண்பார் கண் மாறியது; அக்கண் மாறிய வரலாற்றை உவமை என்னும் சிறியதோர் உறுப்பு வழுவாது காத்துத் தந்தது. பாட்டிற் பயின்ற உவமையைக் காணுந்தோறும், இதனுள் உயர்ந்தது எது என்று வினாவிக் கற்பார்க்குச் செய்யுளின் சுவையோடு அதனைப் பாடியோர் நெஞ்சத்தின் துணிபும் ஒருங்கு புலனாகும்.